தொடர்ந்து 5 கோப்பை... அடுத்து தொடர்ந்து 4 முறை அரையிறுதியிலேயே அவுட்! பயிற்சியாளர் டோ பிளேக் எப்படித் தப்பித்தார்?

1961 மார்ச் 26. அமெரிக்காவின் சிகாகோ ஸ்டேடியம். ஐஸ் ஹாக்கி பிளே ஆஃப் அரையிறுதியின் மூன்றாவது ஆட்டம் மூன்றாவது கூடுதல் நேரத்தில் போய்க்கொண்டிருக்கிறது. ரெஃப்ரி டால்டன் மெக்ஆர்தர் விசில் ஊதி, மான்ட்ரியல் வீரர் டிக்கி மூருக்குப் பெனால்டி கொடுக்கிறார். மான்ட்ரியல் ஒரு ஆள் குறைவாக ஆட வேண்டிய நிலை. அந்த இடைவெளியில் சிகாகோவின் மர்ரே பால்ஃபர் கோல் அடிக்கிறார். ஆட்டம் முடிந்தது. மான்ட்ரியல் 1-2 என்று தோற்றது.

அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கோட்டு, டை, தலையில் தொப்பி என்று நின்றிருந்த மான்ட்ரியல் பயிற்சியாளர் நேராக ஐஸ் மீது இறங்கி நடந்தார். ரெஃப்ரியிடம் போய் கை நீட்டிவிட்டார். லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்ப்பெல் அவருக்கு 2000 டாலர் அபராதம் போட்டார். அந்தக் காலத்துக்கு அது ரொம்பப் பெரிய தொகை.

அந்தப் பயிற்சியாளர் சாதாரண ஆள் இல்லை. அதற்கு முந்தைய 5 வருடமும் தொடர்ந்து கோப்பை வென்றவர். பெயர் டோ பிளேக். ஆனால் அந்த வருடம் அவருடைய அணி அரையிறுதியைத் தாண்டவில்லை. அடுத்த வருடமும் தாண்டவில்லை. அதற்கடுத்த இரண்டு வருடங்களும் அதே கதைதான்.

இன்றைக்கு ஒரு அணி ஒரே ஒரு சீசன் சொதப்பினாலே முதலில் பறிபோவது பயிற்சியாளரின் வேலைதான். தொடர்ந்து 4 முறை சறுக்கியும் பிளேக் எப்படி அதே நாற்காலியில் இருந்தார்? அந்த 4 தோல்விகளுக்குப் பிறகு என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த டோ பிளேக்?

முழுப் பெயர் ஹெக்டர் பிளேக். 1912 ஆகஸ்ட் 21-ம் தேதி கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தவர். நிக்கல் சுரங்கங்கள் நிறைந்த சட்பரி வட்டாரம்தான் அவருடைய ஊர்ப்பக்கம். வீட்டில் சின்னத் தங்கைக்கு ஹெக்டர் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. ஹெக்டோ, ஹெக்டோ என்று கூப்பிட்டது சுருங்கி 'டோ' ஆகிவிட்டது. கடைசிவரை அந்தப் பெயர்தான் நிலைத்தது.

அம்மா வழியில் பிரெஞ்சு பேசும் குடும்பம். அதனால் பிளேக்குக்கு ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டுமே சரளம். இது ஏதோ சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். ஆனால் பிரெஞ்சு பேசும் ரசிகர்கள் நிறைந்த மான்ட்ரியல் நகரத்தில் பின்னாளில் அவருக்குக் கை கொடுத்ததில் இந்த மொழிக்கும் பங்கு உண்டு.

வீரராக அவர் முதலில் வென்ற கோப்பை 1935-ல், மான்ட்ரியல் மரூன்ஸ் அணியில். அங்கே அவருக்குப் பெரிய வாய்ப்பு கிடைக்கவில்லை. 1936-ல் அதே நகரத்தின் இன்னொரு அணியான மான்ட்ரியல் கனேடியன்ஸுக்கு மாறினார். 1938-39 சீசனில் லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அவர்தான். மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதும் வந்தது. 1940-ல் கேப்டன் ஆனார். மோரிஸ் ரிஷார், எல்மர் லாக், பிளேக் என்ற மூவர் கூட்டணி எதிரணிகளைக் கலங்கடித்தது. 1944, 1946 என்று இரண்டு கோப்பைகள் வந்தன.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. 1945-46 சீசன் முழுக்க பிளேக் பெனால்டியில் வெளியே உட்கார்ந்தது வெறும் 2 நிமிடம். களத்தில் கண்ணியமாக ஆடுபவருக்குத் தரப்படும் லேடி பிங் விருது அந்த வருடம் அவருக்குத்தான். சரியாக 15 வருடம் கழித்து ரெஃப்ரி மீது கை நீட்டியதும் இதே மனிதர்தான்!

1948 ஜனவரியில் கணுக்கால் முறிந்தது. ஆட்ட வாழ்க்கை அதோடு முடிந்தது. பிறகு சிறிய லீக்குகளில் ஊர் ஊராகப் போய் பயிற்சியாளர் வேலையைக் கற்றுக்கொண்டார்.

கலவரத்தில் இருந்த அணியை எப்படிப் பிடித்தார்?

பிளேக் மான்ட்ரியலுக்குப் பயிற்சியாளராக வந்த நேரம் சாதாரண நேரம் இல்லை. 1955 மார்ச்சில் நட்சத்திர வீரர் மோரிஸ் ரிஷார் ஆட்டத்தில் கைகலப்பில் இறங்கி, லைன்ஸ்மேனையும் அடித்தார். அந்த சீசனின் மீதி ஆட்டங்களுக்கும் பிளே ஆஃபுக்கும் அவருக்குத் தடை போட்டார் லீக் தலைவர் கேம்ப்பெல். மறுநாள், மார்ச் 17 அன்று, மான்ட்ரியல் தெருக்களில் கலவரமே வெடித்தது. கடைகள் நொறுங்கின. அந்த வருட இறுதிப்போட்டியில் ரிஷார் இல்லாத மான்ட்ரியல் டெட்ராய்டிடம் தோற்றது.

பயிற்சியாளர் டிக் இர்வின் சிகாகோவுக்குப் போய்விட்டார். காலியான இடத்துக்கு மேலாளர் ஃபிராங்க் செல்கி கொண்டு வந்தது பிளேக்கை. ரிஷாரோடு ஒரே வரிசையில் ஆடியவர், அவருடைய மொழி தெரிந்தவர், அவர் மதிக்கும் மனிதர். கோபக்கார நட்சத்திரத்தை ஒரு நண்பர்தான் கையாள முடியும் என்ற கணக்கு சரியாகவே வேலை செய்தது.

அதன்பிறகு நடந்ததெல்லாம் வேற லெவல். 1956, 57, 58, 59, 60 என்று வரிசையாக 5 ஸ்டான்லி கோப்பைகள். இந்தச் சாதனையை இன்றுவரை வேறு எந்த அணியும் தொடவில்லை. 1960 பிளே ஆஃபில் 8 ஆட்டம் ஆடி எட்டிலும் ஜெயித்தார்கள்.

இந்த அணிக்காக விதியையே மாற்ற வேண்டி வந்தது. அதுவரை 2 நிமிடப் பெனால்டி வாங்கிய வீரர், எத்தனை கோல் விழுந்தாலும் முழு 2 நிமிடமும் வெளியேதான் இருக்க வேண்டும். மான்ட்ரியல் அந்த 2 நிமிடத்திலேயே கோல் மேல் கோல் அடித்துத் தள்ளியது. 1955 நவம்பரில் ஷான் பெலிவோ இப்படி ஒரு சந்தர்ப்பத்தில் 44 விநாடிகளில் 3 கோல் அடித்தார். 1956-ல் லீக் விதியைத் திருத்தியது. ஒரு கோல் விழுந்தால் வெளியே இருப்பவர் உள்ளே வரலாம் என்று ஆனது.

மாஸ்க் விவகாரம்: பிளேக் தோற்ற ஒரு வாதம்

பிளேக்கின் எல்லா முடிவுகளும் சரி என்று சொல்ல முடியாது. கோல் கீப்பர் ஷாக் பிளான்ட் பயிற்சியின்போது முகத்தில் மாஸ்க் போட்டுக்கொள்வார். ஆட்டத்தில் போட பிளேக் விடவில்லை. மாஸ்க் போட்டால் பார்வை மறையும், கீப்பரின் துணிச்சல் குறைந்துவிடும் என்பது அன்றைய பயிற்சியாளர்கள் பலரின் எண்ணம். அவரும் அதே கட்சி.

1959 நவம்பர் 1, நியூயார்க். ஆண்டி பாத்கேட் அடித்த பக், அதாவது கெட்டி ரப்பர் வட்டு, பிளான்ட்டின் முகத்தில் பட்டு ரத்தம் கொட்டியது. தையல் போட்டு வந்த பிளான்ட், மாஸ்க் இல்லாமல் ஆட மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் அணிகள் மாற்று கீப்பரைக் கூடவே அழைத்து வருவதில்லை. பிளேக்குக்கு வேறு வழியில்லை, சம்மதித்தார். ஆட்டத்தை மான்ட்ரியல் 3-1 என ஜெயித்தது.

காயம் ஆறும்வரைதான் மாஸ்க் என்பது பிளேக்கின் எண்ணம். 1960 மார்ச் 8 அன்று அவர் கேட்டுக்கொண்டதால் பிளான்ட் மாஸ்க் இல்லாமல் ஆடினார். டெட்ராய்டிடம் 0-3 என்று தோல்வி. அடுத்த ஆட்டத்தில் மாஸ்க் திரும்பி வந்தது, நிரந்தரமாக. பிளேக்கும் அதற்குமேல் அடம்பிடிக்கவில்லை. ஆனால் கண்டிப்பான பயிற்சியாளருக்கும் தன் இஷ்டப்படி நடக்கும் கீப்பருக்கும் இடையே உரசல் மட்டும் தீரவில்லை. ஆஸ்துமா தொல்லையால் பிளான்ட் அவ்வப்போது ஆட்டங்களைத் தவறவிட்டதும் அந்த உரசலைக் கூட்டியது.

4 வருடம், 4 வெளியேற்றம்: என்னதான் ஆச்சு?

முதலில் அன்றைய பிளே ஆஃப் முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். லீக்கில் மொத்தமே 6 அணிகள். ஆளுக்கு 70 ஆட்டம். முதல் 4 இடம் பிடிப்பவர்கள் பிளே ஆஃபுக்குப் போவார்கள். முதல் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் ஒரு அரையிறுதி, இரண்டுக்கும் நான்குக்கும் இன்னொன்று. 7 ஆட்டங்களில் முதலில் 4 ஜெயிப்பவர் இறுதிக்குப் போவார். அதாவது அரையிறுதிதான் முதல் சுற்று. ஐபிஎல் பார்ப்பவர்களுக்குத் தெரியும், லீக் அட்டவணையில் முதலிடம் பிடிப்பது வேறு, பிளே ஆஃபில் ஜெயிப்பது வேறு.

1951-லிருந்து 1960 வரை மான்ட்ரியல் ஆடாத இறுதிப்போட்டியே கிடையாது. 10 வருடம் தொடர்ந்து இறுதி. அந்த ஓட்டம் முதன்முதலாக நின்றது 1961-ல்.

1961 – சிகாகோ: 1960 செப்டம்பரில் மோரிஸ் ரிஷார் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் மான்ட்ரியல் லீக்கில் முதலிடம். பெர்னி ஜெஃப்ரியன் அந்த சீசனில் 50 கோல் அடித்தார். ஆனால் பிளே ஆஃப் நேரத்தில் அவருக்கு முழங்கால் காயம். எதிரே பாபி ஹல், ஸ்டான் மிகிட்டா என்று இளம் ரத்தம் நிறைந்த, முட்டி மோதி ஆடும் சிகாகோ பிளாக் ஹாக்ஸ். மேலே சொன்ன அந்த மூன்றாவது ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில்தான் மான்ட்ரியல் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் மான்ட்ரியல் போட்ட ஒரு கோல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. பிறகு வந்த பெனால்டியில்தான் பிளேக் நிதானம் இழந்தார்.

அந்த ஒரு ஆட்டத்தால்தான் தொடர் போனது என்று பலர் நினைக்கலாம். உண்மை அது இல்லை. அடுத்த ஆட்டத்தை மான்ட்ரியல் 5-2 என்று ஜெயித்தது. தொடர் 2-2. அதற்குப் பிறகுதான் சிகாகோ கீப்பர் கிளென் ஹால் கதவைச் சாத்தினார். அடுத்த இரண்டு ஆட்டமும் 3-0, 3-0. அத்தனை பெரிய அணி கடைசி இரண்டு ஆட்டத்தில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ரெஃப்ரியை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாத தோல்வி அது.

1962 – மறுபடியும் சிகாகோ: சீசனுக்கு முன்பே பெரிய மாற்றம். அணியின் முதுகெலும்பான டிஃபெண்டர் டக் ஹார்வி நியூயார்க்குக்குப் போய்விட்டார். இருந்தும் மான்ட்ரியல் 98 புள்ளிகளோடு முதலிடம். பிளான்ட்டுக்கு ஹார்ட் விருது. அரையிறுதியில் முதல் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். அடுத்த நான்கையும் தோற்றார்கள்!

1963 – டொரன்டோ: இந்த முறை லீக்கிலேயே மூன்றாவது இடம்தான். பன்ச் இம்லாக் பயிற்சியளித்த டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸிடம் 1-4 என்று தொடர் போனது. கடைசி ஆட்டத்தின் ஸ்கோர் 0-5.

1964 – மறுபடியும் டொரன்டோ: லீக்கில் திரும்பவும் முதலிடம். தொடர் ஏழாவது ஆட்டம்வரை போனது. அதுவும் சொந்த மைதானமான மான்ட்ரியல் ஃபோரமில். டொரன்டோவின் டேவ் கியான் ஒருவரே 3 கோல் அடித்தார், மூன்றாவது கீப்பர் இல்லாத காலி வலைக்குள். 1-3 தோல்வி.

இந்த நான்கு வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். நான்கில் மூன்று வருடம் மான்ட்ரியல் லீக்கில் முதலிடம். வேகமும் திறமையும் குறையவில்லை. 70 ஆட்டத்தில் எடுபடும் ஆட்டம், ஒரே எதிரணியோடு இரண்டு வாரம் விடாமல் மோதும்போது எடுபடவில்லை. சிகாகோவின் உடல் பலம், டொரன்டோவின் அனுபவம் இரண்டுக்கும் முன்னால் மான்ட்ரியல் தடுமாறியது.

பயிற்சியாளரை மாற்றவில்லை... வேறு எதை மாற்றினார்கள்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. நிர்வாகம் கை வைத்தது பயிற்சியாளர் மீது அல்ல, அணியின் அமைப்பு மீது.

1963 ஜூனில் பிளான்ட்டையே நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். 6 முறை சிறந்த கீப்பருக்கான வெசினா விருது வாங்கியவர். அவருக்குப் பதிலாக வந்தவர்களில் முக்கியமானவர் கம்ப் வோர்ஸ்லி. குள்ளமான, கொஞ்சம் பருமனான கீப்பர். பல வருடமாக நியூயார்க்கின் பலவீனமான அணியில் பக் மழையில் நனைந்தவர். வந்த வேகத்தில் அவருக்கு ராஜமரியாதை எல்லாம் கிடைக்கவில்லை. காயம், அதன்பின் சிறிய லீக் என்று காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் சார்லி ஹாட்ஜ் முதன்மைக் கீப்பரானார். 1964-ல் வெசினா விருதும் வாங்கினார்.

இரண்டாவது மாற்றம், ஜான் ஃபெர்குசன். அடிக்கு அஞ்சாத முன்கள வீரர். 1963 அக்டோபரில் தன் முதல் ஆட்டத்தில், தொடங்கிய 12-வது விநாடியிலேயே பாஸ்டனின் டெட் கிரீனோடு சண்டைக்கு இறங்கினார். அதே ஆட்டத்தில் கோலும் அடித்தார். பெலிவோ மாதிரியான நுட்பமான வீரர்களை இனிமேல் யாரும் சும்மா இடித்துவிட்டுப் போக முடியாது என்ற செய்தி எல்லா அணிக்கும் போய்ச் சேர்ந்தது. தடுப்பில் ஷாக் லாபெரியர், டெட் ஹாரிஸ் என்று உயரமான, உறுதியான ஆட்கள் வந்தார்கள்.

1964-ல் செல்கி ஓய்வு பெற்று சாம் பொல்லாக் மேலாளர் ஆனார். மேலாளர் மாறியும் பிளேக் தொடர்ந்தார். ஐந்து கோப்பை அணியின் வீரர்கள் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். மிஞ்சிய பழைய முகங்களில் பெலிவோவும், மோரிஸின் தம்பி ஆன்ரி ரிஷாரும் முக்கியமானவர்கள். பிளேக்குக்கு இது பழைய அணியைப் பழுது பார்க்கும் வேலை இல்லை, கிட்டத்தட்ட புதிய அணியைக் கட்டும் வேலை.

1965: ஏழாவது ஆட்டத்தில் எடுத்த முடிவு

1965 அரையிறுதியில் டொரன்டோவைத் தோற்கடித்து மான்ட்ரியல் இறுதிக்குள் நுழைந்தது. இறுதியில் எதிரே யார்? அதே சிகாகோ. தொடர் 3-3. மே 1 அன்று மான்ட்ரியலில் ஏழாவது ஆட்டம்.

சீசன் முழுக்க அதிகம் ஆடியது ஹாட்ஜ். அதே தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 6-0 என்று ஒரு கோல்கூட விடாமல் நின்றவரும் அவர்தான். ஆனால் பிளேக் ஏழாவது ஆட்டத்துக்கு நிறுத்தியது வோர்ஸ்லியை. 35 வயது, அதுவரை ஒரு கோப்பைகூடத் தொடாதவர். தோற்றிருந்தால் ஐந்தாவது வருடமும் கோப்பை இல்லை, பழி முழுக்கப் பயிற்சியாளர் தலையில்தான் விழுந்திருக்கும்.

ஆட்டம் தொடங்கிய 14-வது விநாடியில் பெலிவோ கோல் அடித்தார். வோர்ஸ்லி கடைசிவரை ஒன்றைக்கூட உள்ளே விடவில்லை. 4-0. பிளே ஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருது அந்த வருடம்தான் அறிமுகமானது. முதல் விருது பெலிவோவுக்கு.

1966-ல் டெட்ராய்டை வீழ்த்தி இன்னொரு கோப்பை. ஆன்ரி ரிஷார் கூடுதல் நேரத்தில் வெற்றி கோல் அடித்தார்.

கீப்பர் விஷயத்தில் பிளேக்கின் கணக்கு எப்போதும் பலித்தது என்றும் இல்லை. 1967 இறுதியில் இளைஞர் ரோஜி வாஷானை நம்பினார். ஐந்தாவது ஆட்டத்தில் வாஷான் 4 கோல் விட்டதும் வோர்ஸ்லியை இறக்கினார். ஆறாவது ஆட்டத்திலும் வோர்ஸ்லியையே நிறுத்தினார். 1-3 தோல்வி, கோப்பை டொரன்டோவுக்கு. 1965-ல் பலித்த அதே துணிச்சல் 1967-ல் பலிக்கவில்லை. அவ்வளவுதான்.

ஜெயித்த கையோடு விலகியது ஏன்?

1968 மே மாதம். புதிதாக லீக்கில் சேர்ந்த செயின்ட் லூயிஸ் அணியை 4-0 என்று வீழ்த்தி பிளேக் பயிற்சியாளராகத் தன் எட்டாவது கோப்பையைத் தூக்கினார். அந்த வெற்றியோடு பதவியிலிருந்து விலகினார். வயது 55 மட்டுமே.

காரணம் அழுத்தம். மான்ட்ரியலில் இரண்டாம் இடம் என்பதே தோல்வி. ஒவ்வொரு தோல்வியையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிற மனிதர் அவர். சிகாகோவில் ஐஸ் மீது இறங்கி நடந்த அந்த இரவுக்கும் இந்த விலகலுக்கும் வேர் ஒன்றுதான். தோல்வியை அவரால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே முடியவில்லை. நான்கு வருடமும் அவரை வெளியே அனுப்ப யாரும் முன்வரவில்லை. கடைசியில் அவரை வெளியே அனுப்பியது அவரேதான்.

பிறகு மீண்டும் பயிற்சியாளர் வேலைக்கு அவர் திரும்பவில்லை. மான்ட்ரியலில் தன் பெயரிலேயே ஒரு மதுக்கூடம் நடத்தினார். கடைசி வருடங்களில் அல்சைமர் நோய் அவருடைய நினைவுகளை ஒவ்வொன்றாக அழித்தது. 1995 மே 17-ம் தேதி, 82 வயதில் காலமானார்.

பிளேக் விட்டுச்சென்ற கணக்கு

13 சீசன். 914 ஆட்டம். 500 வெற்றி, 255 தோல்வி, 159 டிரா. பயிற்சியாளராக 8 கோப்பை, வீரராக 3 கோப்பை. 1968 இறுதியில் அவரிடம் தோற்ற செயின்ட் லூயிஸ் பயிற்சியாளரின் பெயர் ஸ்காட்டி போமன். மான்ட்ரியல் நிர்வாகத்தின் கீழ் வளர்ந்தவர், பிளேக்கைப் பார்த்துத் தொழில் கற்றவர். அந்தப் போமன்தான் 2002-ல் டெட்ராய்டோடு 9-வது கோப்பை வென்று பிளேக்கின் சாதனையைத் தாண்டினார்.

பிளேக்கைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 1956 முதல் 1960 வரையிலான 5 கோப்பைகளைத்தான் சொல்வார்கள். அந்த அணியில் ரிஷார், ஹார்வி, பிளான்ட், பெலிவோ என்று எல்லோரும் இருந்தார்கள். அடுத்த 3 கோப்பைகள் வந்தபோது அவர்களில் மிஞ்சியவர் பெலிவோ ஒருவர்தான். நடுவில் இருந்த அந்த 4 தோல்விகளில் அணி எங்கே பலவீனம் என்று தெரிந்தது, அதைச் சரிசெய்ய நேரமும் கிடைத்தது. முதல் தோல்வியிலேயே, அதுவும் ரெஃப்ரி மீது கை நீட்டிய அன்றைக்கே, மான்ட்ரியல் பொறுமை இழந்து அவரை அனுப்பியிருந்தால், பிளேக்கின் கணக்கு ஐந்தோடு நின்றிருக்கும்.